மனோரமா அம்மையாரின் கலைவாழ்வு



சேலம் நகரத்திலிருந்து ஏற்காடு மலைக்குச் செல்லும் சாலையின் ஓரத்தில் பழைய வளைவு ஒன்று நிற்கின்றது. அதன் பின்னே இன்று குடியிருப்புகளே உள்ளன. அவ்வழியே பேருந்தில் செல்லும் இளைஞர்கள் அதனை ஏதோ ஒரு தோட்டத்தின் வாயில் என்று எண்ணிக் கடந்து போவர். ஒரு காலத்தில் நூற்றுக்கு மேற்பட்ட திரைப்படங்களை ஆக்கி அளித்த மாடர்ன் தியேட்டர்ஸ் என்னும் படப்பிடிப்பு நிலையத்தின் நுழைவாயிலே அது. சேர்வராயன் மலையின் அடிவாரத்தில் உள்ள என் ஊராகிய கொண்டப்பநாயக்கன்பட்டி, அவ்வாயிலிலிருந்து நெடுந்தொலைவில் இல்லை. கால்நடையாகவே சென்று, வாயிலருகே நின்று, உள்ளே போகும் மோட்டார் வண்டிகளை வேடிக்கை பார்த்துத் திரும்பிய கதைகளைச் சொல்லும் முதியோர் எங்கள் ஊரில் பலர் இருந்தனர்.

அந்த நிலையத்தை 1935ஆம் ஆண்டில் நிறுவியவர் திருச்செங்கோடு இராமலிங்கம் சுந்தரம் அவர்கள். டி. ஆர். சுந்தரம் என்று சொன்னால் எல்லோர்க்கும் விளங்கும். இங்கிலாந்து சென்று நெசவுத் தொழிற்கல்வி பயின்று திரும்பியவர், நெசவுக்குப் பெயர் பெற்ற சேலத்திலே திரைப்படம் நெய்யத் தொடங்கினார். மலையாள மொழியின் முதற் பேசும்படமாகிய 'பாலன்' 1938இல் இந்நிறுவனத்தின் ஆக்கமாக வெளிவந்தது. தமிழின் முதல் வண்ணப் படமாகப் போற்றப்பெறும் 'அலிபாபாவும் நாற்பது திருடர்களும்' 1956இல் வெளிவந்ததும் இந்நிறுவனத்திலிருந்தே. அந்நிறுவனம் 1963ஆம் ஆண்டில் 'கொஞ்சும் குமரி' என்னும் படத்தை வெளியிட்டது. ஆர். எஸ். மனோகர் அதில் நாயகர். நாயகியோ, அதுவரை சிறு வேடங்களிலும் சிரிப்பு வேடங்களிலும் மட்டுமே திரையிற் காணப்பட்ட ஓர் இளம்பெண். அவர்தாம் மனோரமா அம்மையார். நாடக மேடையில் தொடங்கித் திரைப்படத்திலே வளர்ந்து, தொலைக்காட்சி வரையிலும் தம் கலையைக் கொண்டு சென்ற அப்பெருமாட்டியின் வாழ்வைப் பற்றியே இன்று உங்களோடு உரையாட விரும்புகின்றேன்.

நான் கலை விமரிசகன் அல்லன். ஆசிரியப் பயிற்சி பெற்று, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பள்ளிக்கூடத்திலேயே காலங்கழித்தவன். ஆயினும், ஓர் ஆசிரியன் என்ற முறையில் அம்மையாரின் வாழ்விலிருந்து நான் கற்க வேண்டியிருந்த பாடம் ஒன்று உண்டு. அதனை நான் காலந்தாழ்த்தே கற்றேன். அந்தக் கதையையும் இறுதியிற் சொல்வேன்.

மனோரமா அம்மையார் 1937ஆம் ஆண்டு மே திங்கள் 26ஆம் நாள் மன்னார்குடியிற் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் கோபிசாந்தா. குழந்தைப் பருவத்திலேயே தந்தையின் ஆதரவு இல்லாது போயிற்று. தாயார் இராமாமிர்தம் அம்மையார் கைக்குழந்தையோடு செட்டிநாட்டுப் பகுதியில் காரைக்குடிக்கு அருகிலுள்ள பள்ளத்தூருக்குச் சென்று, பிறர் இல்லங்களிற் பணிசெய்து மகளை வளர்த்தார். வறுமையின் காரணமாக அச்சிறுமியின் பள்ளிப் படிப்பு பதினோரு வயதளவிலேயே நின்றுவிட்டது. ஆனால் இயற்கை அவருக்கு இரண்டு செல்வங்களை வழங்கியிருந்தது. ஒன்று, கணீரென்ற குரல்; மற்றொன்று, ஒருமுறை கேட்டதைக் கேட்டவாறே திருப்பிச் சொல்லும் செவி. பள்ளத்தூர்ப் பக்கம் நாடகம் நடைபெறும்போது பாடவும் ஆடவும் ஒரு சிறுமி தேவைப்பட்டால், 'பள்ளத்தூர்ப் பாப்பா'வை அழைத்து வருவது வழக்கமாயிற்று. பன்னிரண்டு வயதிலேயே அவர் மேடை ஏறிவிட்டார். 'அந்தமான் காதலி' என்னும் நாடகத்தில் நடித்த காலத்தில், அந்நாடகக் குழுவைச் சேர்ந்தவர்களே அவருக்கு மனோரமா என்னும் பெயரைச் சூட்டினர்.

அக்காலத்து நாடக மேடை எத்தகையது என்பதை இன்றைய மாணவர்கள் சற்றே எண்ணிப் பார்த்தல் நலம். சங்கரதாஸ் சுவாமிகள் போன்றோர் வகுத்த நெறியிலே பாட்டும் வசனமும் கலந்து விடியும்வரை நடைபெறும் நாடகங்கள் அவை. நடிப்பவர்க்குப் பாடத் தெரிந்திருக்க வேண்டும். ஆர்மோனியக்காரர் எந்தச் சுருதியைப் பிடித்தாலும் அதனோடு இணைய வேண்டும். எதிரே நிற்பவர் எழுதாத வசனம் ஒன்றைப் பேசிவிட்டால், அதற்குத் தகுந்த மறுமொழியை அந்தக் கணத்திலேயே சொல்ல வேண்டும். கடைசி வரிசையில் மணல்மேல் அமர்ந்திருக்கும் உழவருக்கும் சொல் விளங்க வேண்டும். இவை யாவும் ஒரு கடினமான கல்வியே அன்றோ? பள்ளிக்கூடம் தர இயலாத கல்வியை அச்சிறுமிக்கு அம்மேடை தந்தது. வைரம் நாடக சபையிற் சிறு வேடங்கள் ஏற்றுப் பயின்றவர், பின்னர் எஸ். எஸ். ராஜேந்திரன் அவர்களின் நாடக மன்றத்திற் சேர்ந்து, 'மணிமகுடம்' முதலிய நாடகங்களில் நடித்துப் புகழ் பெற்றார். கலைஞர் மு. கருணாநிதி அவர்கள் எழுதிய நாடகம் அது. அறிஞர் அண்ணா அவர்களுடனும், கலைஞருடனும் மேடையிலே நடித்த பேறும் அம்மையாருக்கு வாய்த்தது.

1958ஆம் ஆண்டில் கவியரசர் கண்ணதாசன் 'மாலையிட்ட மங்கை' என்னும் படத்தைத் தயாரித்தார். அதுவே அம்மையாரின் முதற்படம். மேடையிலே நாயகி வேடம் பூண்டு பழகியவருக்குக் கவிஞர் அளித்ததோ நகைச்சுவை வேடம். அம்மையார் தயங்கினார். நாயகியாக நடிப்பவர்க்கு அவ்வேடம் சில ஆண்டுகளே நிலைக்கும், நகைச்சுவை நடிப்போ நெடுங்காலம் நிலைக்கும் என்று கவிஞர் எடுத்துரைத்துத் தம்மை இணங்கச் செய்தார் என்பதனை அம்மையாரே பின்னாளில் நன்றியோடு கூறியிருக்கின்றார்.

இவ்விடத்தில் நீங்கள் ஒன்றை நினைத்தல் வேண்டும். மேற்சொன்னவாறு ஐந்தாண்டுகள் கழித்து, எங்கள் சேலத்தில் அவருக்கு நாயகி வேடமும் கிடைத்தது. அதன்பின் நாயகி வேடம் ஒன்றையே வேண்டி அவர் காத்திருந்திருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. வேலைக்காரி, கூடைக்காரி, நாட்டுப்புறத்துப் பெண், வாயாடி மனைவி, கிழவி என எந்த வேடம் வந்தாலும் அதனை ஏற்றார். ஏற்ற வேடத்தைச் சிறிதென்று கருதாமல் உழைத்தார்.

நகைச்சுவை தாழ்ந்தது என்னும் எண்ணம் நம்மிடையே எவ்வாறு புகுந்தது என்பது எனக்கு விளங்கவில்லை. தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளை வகுத்தபோது நகையைத்தான் முதலில் வைத்தார். பெருமிதமும் அழுகையும் அதற்குப் பின்னரே வருகின்றன. அந்நகை பிறக்கும் இடங்களை நான்காக அவர் பகுத்தார். பிறரை இகழ்தலாகிய எள்ளல் ஒன்று, குழந்தைத் தன்மையாகிய இளமை ஒன்று, அறியாமை ஒன்று, மடமை ஒன்று. எள்ளலிற் பிறக்கும் நகை எளிது. பிறருடைய குறையைச் சுட்டிக்காட்டினால் எவரும் நகைப்பர். ஆனால், பார்ப்பவர் மனத்திலே கசப்பு மிஞ்சாமல், 'இவளும் நம் வீட்டுப் பெண்தான்' என்னும் அன்பு மிஞ்சும்படி நகைக்க வைப்பதுதான் அரிய செயல். மனோரமா அம்மையார் கைவரப் பெற்றது இவ்வரிய செயலையே.

அதற்குச் சான்றாக 1968ஆம் ஆண்டில் வெளிவந்த 'தில்லானா மோகனாம்பாள்' படத்தைக் கூறலாம். கொத்தமங்கலம் சுப்பு அவர்கள் ஆனந்த விகடனில் தொடராக எழுதிய கதை அது. படத்தை இயக்கியவர் ஏ. பி. நாகராஜன். அவரும் எங்கள் சேலம் நாட்டுக்காரரே. சங்ககிரிக்கு அருகில் பிறந்து, நாடகக் குழுவிலே வளர்ந்தவர். நடிகர் திலகமும் நாட்டியப் பேரொளி பத்மினியும் எதிரெதிரே நின்று நடித்த அப்படத்தில், 'ஜில் ஜில் ரமாமணி' என்னும் நாடகக்காரியாக மனோரமா அம்மையார் வந்தார். நாடகக்காரியாகவே வாழ்ந்தவர் நாடகக்காரியின் வேடம் பூண்டார். ஊர் ஊராய்ச் சென்று கூடாரம் அடித்து ஆடிப் பாடிப் பிழைக்கும் ஒரு பெண்ணின் வெகுளித்தனமும், தன் தொழிலின்மேல் அவளுக்குள்ள பெருமிதமும், அவள் உள்ளத்தின் ஈரமும் அந்நடிப்பிலே ஒருங்கே வெளிப்பட்டன. இரண்டு பெருங்கலைஞர்களின் நடுவே சிறிது நேரமே வந்தாலும், இன்றளவும் அப்பெயர் மக்கள் நாவில் நிற்கின்றது.

அப்படம் எங்கள் பக்கத்து டூரிங் கொட்டகைக்கு வந்தபோது எனக்குப் பத்து வயதிருக்கலாம். என் அத்தை என்னைக் கைப்பிடித்து அழைத்துச் சென்றார். எழுதப் படிக்கத் தெரியாதவர். காடு கழனியில் உழைத்து உரமேறிய கைகள் அவருடையவை. இரவு வீடு திரும்பும் வழியில், "மத்தவங்கெல்லாம் நடிச்சாங்க கண்ணு. அந்தப் புள்ள நம்மகிட்ட வந்து பேசிட்டுப் போச்சு" என்றார். பின்னாளில் நடிப்புக் கலையைப் பற்றி நூல்கள் சிலவற்றைப் படித்திருக்கின்றேன். என் அத்தையின் சொல்லுக்கு மேலான விளக்கத்தை நான் எதிலும் காணவில்லை.

மாணவச் செல்வங்களே, அம்மையாரின் திறமைகளிலே மொழி கற்கும் உங்களுக்கு மிகவும் பயன்படக்கூடியது, அவர் தமிழின் வட்டார வழக்குகளைக் கையாண்ட முறை. மன்னார்குடியிலே பிறந்து பள்ளத்தூரிலே வளர்ந்தவர், 'பொம்மலாட்டம்' என்னும் படத்திற் சென்னைத் தெருவின் பேச்சிலே பாடினார். அப்பாட்டு நாடெங்கும் ஒலித்தது. 'அனுபவி ராஜா அனுபவி' படத்திலே நாகேஷ் அவர்களுடன் சேர்ந்து தூத்துக்குடித் தமிழின் சுவையை ஊருக்கெல்லாம் பரப்பினார். 1992இல் வெளிவந்த 'சின்னக் கவுண்டர்' படத்திலே, பல்லை முன்னே நீட்டிக்கொண்டு, எங்கள் கொங்கு நாட்டு ஆத்தாவாக அவர் வந்து நின்றபோது, எங்கள் ஊர்ப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். ஒவ்வொருத்திக்கும் தன் மாமியாரின் நினைவு வந்திருக்க வேண்டும்.

இவற்றை அவர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் பயிலவில்லை. சந்தையும் தெருவும் நாடகக் கொட்டகையுமே அவருக்குப் பல்கலைக்கழகம். மக்கள் பேசுவதைக் கேட்டார். கேட்டதை மறவாது மனத்தில் வைத்தார். வேண்டும்போது எடுத்து வழங்கினார். செட்டிநாட்டுப் பேச்சு அவரிடம் ஊறியிருந்தமையால், அந்நாட்டு வழக்கப்படியே மக்கள் அவரை 'ஆச்சி' என்று அழைக்கலாயினர். மகளிரை மரியாதையோடு அழைக்க அங்கே வழங்கும் அந்தச் சொல், காலப்போக்கில் தமிழ்நாடு முழுமைக்கும் அவரது பெயராகவே ஆகிவிட்டது.

1986ஆம் ஆண்டில் விசு அவர்கள் எழுதி இயக்கிய 'சம்சாரம் அது மின்சாரம்' வெளிவந்தது. நடுத்தரக் குடும்பம் ஒன்றின் பூசல்களைக் கூறும் அக்கதையில் அம்மையார் ஏற்றது கண்ணம்மா என்னும் வேலைக்காரியின் வேடம். படித்தவர்களும் சம்பளக்காரர்களும் தீர்க்க இயலாத சிக்கலை அவ்வீட்டு வேலைக்காரி தன் வாய்த்திறத்தாலும் நல்லறிவாலும் எதிர்கொள்ளும் காட்சியைக் கண்டு திரையரங்குகள் அதிர்ந்தன. அந்நடிப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பள்ளத்தூரின் நினைவு வரும். பிறர் வீட்டிலே பணிசெய்து மகளை வளர்த்த தாயின் மகள் அன்றோ அங்கே நிற்பவர்? கண்ணம்மாவைப் பார்த்து நாம் நகைக்கின்றோம். ஆனால் கண்ணம்மாவை இகழ்ந்து நகைப்பதில்லை. வேலைக்காரியின் தன்மானத்திற்கு ஊறு நேராமல் நம்மை நகைக்கச் செய்ய, அவ்வாழ்வை அறிந்த ஒருவராலேதான் முடியும். இலண்டன் மாநகரில் 1889இல் பிறந்து, ஏழையர் விடுதியிலே குழந்தைப் பருவத்தின் ஒரு பகுதியைக் கழித்து, மேடையேறிப் பின் திரைக்கு வந்த சார்லி சாப்ளின் அவர்களின் கலையும் இத்தகையதே. பசியை அறிந்தவரே பசித்தவனைக் கொண்டு, அவனைப் புண்படுத்தாமல், பிறரை நகைக்க வைக்க வல்லவர்.

இனி அவரது உழைப்பின் அளவைக் காண்போம். 1985ஆம் ஆண்டில், 1000 திரைப்படங்களுக்கு மேல் நடித்தவர் என்று கின்னஸ் உலகச் சாதனை நூல் அவரது பெயரைப் பதிவு செய்தது. கணக்குப் பாடத்தில் ஆர்வமுள்ள மாணவர்கள் இதனைச் சற்றே வகுத்துப் பார்க்கலாம். 1958 முதல் 1985 வரை 27 ஆண்டுகள். ஆயிரத்தை இருபத்தேழால் வகுத்தால் ஆண்டொன்றுக்கு 37 படங்கள். அதாவது திங்களுக்கு மூன்று. காலையில் ஒரு நிலையத்தில் கிழவியாகவும், மாலையில் மற்றொரு நிலையத்தில் குமரியாகவும் மாற வேண்டிய வாழ்க்கை அது. தெலுங்கு, மலையாளம், கன்னடம், இந்தி மொழிப் படங்களிலும் அவர் நடித்தார். மெகமூத் அவர்களோடு 'குன்வாரா பாப்' என்னும் இந்திப் படத்தில் 1974இலும், 'அருந்ததி' என்னும் தெலுங்குப் படத்தில் 2009இலும் அவரைக் காணலாம். பாட்டிலும் அவர் பிறர் குரலையே நம்பியிருந்தவர் அல்லர். சொந்தக் குரலிலும் பல பாடல்களைப் பாடியவர்.

மேடையில் அண்ணாவுடனும் கலைஞருடனும், திரையில் எம். ஜி. ஆர்., ஜெயலலிதா, என். டி. இராமராவ் ஆகியோருடனும் அவர் நடித்தார். இவ்வைவரும் முதலமைச்சர் பொறுப்பை ஏற்றவர்கள். அரசியலில் மாறுபட்டு நின்ற இவர்கள் எல்லோரும் மதித்த கலைஞராக அவர் விளங்கினார். 1989இல் வெளிவந்த 'புதிய பாதை' படத்திற்காகச் சிறந்த துணை நடிகைக்குரிய தேசிய விருது அவருக்கு வழங்கப்பெற்றது. தமிழ்நாட்டரசின் கலைமாமணி விருதும், 2002இல் இந்திய அரசின் பத்மஸ்ரீ விருதும் அவரை வந்தடைந்தன.

தொலைக்காட்சி சென்னைக்கு வந்தது 1975ஆம் ஆண்டில். அது பரவிய பின்னர் வெளிவந்த தொடர்களிலும் அம்மையார் நடித்தார். மேடை, திரை, தொலைக்காட்சி ஆகிய மூன்றும் நடிப்பவரிடம் வெவ்வேறு திறன்களை வேண்டுவன. மேடையிலே கடைசி வரிசைக்கும் எட்டும்படி குரலையும் கையையும் உயர்த்த வேண்டும். திரைப்படத்தில் இமை துடிப்பதும் பெரிதாய்த் தெரியுமாதலால் அடக்கம் வேண்டும். தொலைக்காட்சியோ வீட்டுக் கூடத்துக்குள் வந்து, உண்போரும் உறங்குவோருமாகிய குடும்பத்தாரோடு உறவினர்போல் பேச வேண்டிய கருவி. கணீரென்று வசனம் பேசிப் பழகிய மேடை நடிகர் பலர் திரைக்கு வந்தபோது தடுமாறினர். அம்மையார் மூன்றிலும் நிலைத்தார். எவர் முன் நின்று பேசுகின்றோம் என்பதனை அறிந்து பேசிய தகுதியே அதற்குக் காரணம் என்பது என் கருத்து. 2015ஆம் ஆண்டு அக்டோபர் திங்கள் 10ஆம் நாள், தமது 78ஆம் வயதில் அவர் சென்னையில் மறைந்தார்.

இப்போது, தொடக்கத்திற் சொல்வதாகக் கூறிய கதைக்கு வருகின்றேன்.

1994ஆம் ஆண்டளவில் மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றின் நடுநிலைப் பள்ளியில் நான் தலைமையாசிரியனாக இருந்தேன். ஏழாம் வகுப்பிலே ஒரு பெண். தாய் சேகோ ஆலையிலே கூலி வேலை செய்பவள், தந்தை இல்லை. ஒருநாள் நண்பகல் இடைவேளையில் வேப்பமரத்தடியிலே பிள்ளைகள் கூடிச் சிரிக்கும் ஒலி கேட்டுச் சென்றேன். நடுவே அப்பெண் நின்றாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துண்டின் ஓரத்தால் துடைப்பதும், அதனை ஒளிக்கு எதிரே தூக்கிப் பார்ப்பதும், "ஆகவே பிள்ளைகளே" என்று இழுப்பதுமாக, என்னையே அவள் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். என் குரலே அங்கே கேட்டது.

நான் சினம் கொண்டேன். மறுநாட் காலை வழிபாட்டுக் கூட்டத்திலே அவளை எல்லோர்க்கும் முன்னால் நிறுத்தி, "இது பள்ளிக்கூடமா, கூத்துக் கொட்டகையா?" என்று கேட்டேன். அவள் தலை கவிழ்ந்து நின்றாள். அதற்கடுத்த நாளிலிருந்து அவள் பள்ளிக்கு வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து அவள் வீட்டைத் தேடிச் சென்றேன். முன்னரே சென்றிருக்க வேண்டும். என் பதவியின் செருக்கு என்னைத் தடுத்தது. நான் சென்றபோது அவளை உறவினரோடு வெளியூருக்கு நூற்பாலை வேலைக்கு அனுப்பிவிட்டிருந்தனர். தாய் என்னைக் கண்டு பதறி எழுந்து, ஒரு பலகையைத் துடைத்துப் போட்டாள். "ஐயா, அவ உங்களக் கேலி பண்ணலீங்க" என்றாள். "நான் பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்லீங்க. நீங்க அன்னன்னிக்குச் சொல்லிக் குடுத்தத, ராத்திரி அடுப்புக்கு முன்னால நின்னு உங்களாட்டமே எனக்குப் பேசிக் காட்டுவாளுங்க. பூமி சுத்துதுன்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே அவதானுங்க."

மாணவர்களே, ஆசிரியப் பயிற்சிப் பள்ளியிலே 'நடித்துக் கற்பித்தல்' என்று ஒரு முறையை நான் பாடமாகப் படித்திருந்தேன். தேர்விலே அதைப் பற்றி எழுதி நல்ல மதிப்பெண்ணும் பெற்றிருந்தேன். அந்தச் சிறுமியோ அதனைப் படிக்காமலே செய்துகொண்டிருந்தாள். என் வகுப்பிலே முப்பத்தைந்து பிள்ளைகள் இருந்தனர் என்று பதிவேடு கூறிற்று. உண்மையில் முப்பத்தாறாவது மாணவி ஒருத்தி, இரவு வேளையில், ஆலையிலிருந்து திரும்பி வந்து, அடுப்பின் அருகே அமர்ந்து என் பாடத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரே நாளில் அவ்விருவருடைய படிப்பையும் நான் நிறுத்திவிட்டேன். தொல்காப்பியர் வகுத்த நான்கில் எள்ளல் எது, இளமை எது என்று கரும்பலகையில் எழுதிக் கற்பித்தவனுக்கு, கண்ணெதிரே நின்றதை வேறுபடுத்தி அறியத் தெரியவில்லை. அவளைத் திரும்பப் பள்ளிக்குக் கொண்டுவர நான் செய்த முயற்சி பயன்படவில்லை.

அந்த ஆண்டிலிருந்து, நான் பணியாற்றிய பள்ளிகளில் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையை நடிப்புக்கென ஒதுக்கினேன். பாடத்தில் உள்ளதையோ, ஊரிற் கண்டதையோ பிள்ளைகள் நடித்துக் காட்டலாம். ஆசிரியரையும் நடித்துக் காட்டலாம். அவ்வேளையில் நான் வகுப்பின் கடைசிப் பலகையில் அமர்ந்துகொள்வேன். என் குறைகள் பலவற்றை அங்கிருந்தே நான் தெரிந்துகொண்டேன்.

இதனால், பள்ளியை விட்டு நீங்கினாலும் புகழ் பெறலாம் என்று நீங்கள் எண்ணிவிடலாகாது. படிப்பு நின்றுபோன சிறுமியர் இந்நாட்டில் மிகப் பலர். அவர்களிலே மனோரமாவாய் உயர்ந்தவர் ஒருவரே. அவர் உயர்ந்தது கல்வி நின்றதனால் அன்று. நின்ற பின்னும் கற்பதை அவர் நிறுத்தாமையால் ஆகும். பிறர் பேச்சை மதித்துக் கேட்டதும், சிறு வேடத்தையும் பெருவேடமாகக் கருதி உழைத்ததும், எவரையும் புண்படுத்தாமல் நகைக்க வைத்ததுமே அவருடைய கல்வி. அக்கல்வியை நீங்கள் வகுப்பறையில் இருந்துகொண்டே பெறலாம்.

உங்கள் பள்ளியிலே, கல்லூரியிலே ஆண்டு விழா நாடகம் வரும். அரசன் வேடத்துக்கும் அரசி வேடத்துக்கும் போட்டியிருக்கும். உங்களுக்குக் கிடைப்பது வாயிற்காவலன் வேடமோ, கூடை சுமப்பவள் வேடமோ ஆகலாம். அன்று மனம் சுளியாதீர்கள். கூடை சுமப்பவள் ஒருத்தியைச் சந்தையிலே உற்று நோக்குங்கள். அவள் கூடையை எவ்வாறு இறக்குகின்றாள், விலை சொல்லும்போது எவ்வாறு நிமிர்கின்றாள் என்பதை அன்போடு கவனியுங்கள். உங்கள் பக்கத்திலே பிறர் குரலிற் பேசிக் காட்டும் தோழன் ஒருவன் இருந்தால், ஆசிரியரிடம் அவனைக் காட்டிக்கொடுக்கும் முன்னர், அவன் கண்ணிலே இகழ்ச்சி இருக்கின்றதா, அன்பு இருக்கின்றதா என்று ஒருமுறை பாருங்கள். இந்த உரையைக் கேட்கும் ஆசிரியப் பெருமக்கள் எவரேனும் இருப்பின், அவர்களுக்கும் நான் சொல்ல விரும்புவது அதுவே.

ஏற்காட்டுச் சாலையின் அந்த வளைவைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு இருவருடைய நினைவு வருகின்றது. ஒருவர், அவ்வாயிலின் வழியே சென்று நாயகியாய் நடித்து, உலகறிய வாழ்ந்த ஆச்சி. மற்றொருத்தி, எந்த மேடையும் கிடைக்கப் பெறாமல், அடுப்பின் ஒளியிலே ஒரே ஒருவருக்காக நடித்த அந்தச் சிறுமி. அவள் நடிப்பைக் கண்டவர் ஒருவரே ஆயினும், அவருக்கு அது பூமி சுழலும் செய்தியைத் தந்தது.